வயதுக்கு மரியாதை

வயதாவது ஒரு தகுதியா? நம் வீடுகளில் இப்படிக் கேட்பதே மரியாதைக் குறைவு. பெரியவர் வந்தால் எழுந்து நிற்கிறோம்; அவர் என்ன சாதித்தார் என்று விசாரித்துவிட்டு எழுந்திருப்பதில்லை. வெறுமனே வயதாவது சாதனையல்ல, காலண்டர் செய்கிற வேலை என்பதுதான் என் கட்சி. ஆனால் கிரீன்லாந்துச் சுறாவை முன்னால் வைத்துக்கொண்டு அந்தக் கட்சியைப் பேசுவது சற்றுக் கஷ்டம்.

ஆர்க்டிக், வட அட்லாண்டிக் கடல்களின் ஆழத்தில், உறையப் போகிற குளிரில் வாழும் பிராணி அது. மணிக்கு ஒரு மைல் நகர்ந்தால் அதிகம். இடுப்பில் பிள்ளையோடு நடக்கிற பெண் அதை முந்திவிடலாம். 2016-இல் யூலியஸ் நீல்சன் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் 28 பெண் சுறாக்களின் வயதைக் கணக்கிட்டார்கள். இந்தச் சுறாவின் குருத்தெலும்பில் மரத்தைப் போல வளையம் எண்ண வழியில்லை. ஆனால் அதன் கண்வில்லையின் நடுப்பகுதி தாய் வயிற்றிலேயே உருவாகி, சாகும்வரை மாறாமல் இருக்கிறது. அதிலுள்ள கதிரியக்கக் கரியை அளந்தார்கள். 5 மீட்டர் நீளமுள்ள சுறாவுக்கு வயது 392 என்று வந்தது. 120 வருஷம் முன்னே பின்னே இருக்கலாமாம். குறைத்துப் பார்த்தாலும் 272! தாயாவதற்கே சுமார் 150 வயது ஆக வேண்டும்.

இத்தனை காலம் அது என்ன செய்தது? தின்றது, நகர்ந்தது, குளிரில் கிடந்தது. அனுபவம் என்று நாம் மதிக்கிற எதையும் அது சேர்த்துவைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு எதற்கு மரியாதை?

இன்னொரு மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூஸிலாந்து, ஆஸ்திரேலியாப் பக்கத்து ஆழ்கடலில் ஆரஞ்சு ரஃபி என்று ஒரு மீன். கடலடி மலைகளின்மேல் முட்டையிடக் கூட்டமாகச் சேரும். 1980-களில் அந்த நேரம் பார்த்து வலை வீசி, ஆயிரக்கணக்கான டன் வாரினார்கள். காதுக்குள் இருக்கும் கல்லின் வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, நூறு வயதைத் தாண்டிய மீன்கள் இருந்தது தெரிந்தது. ஆனால் பெரும்பகுதி அதற்குள் சாப்பாட்டு மேஜைக்குப் போய்விட்டது. 2006-இல் ஆஸ்திரேலிய அரசு அதை அபாயத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது.

“ஆறு மாசக் கோழியைத் தின்னலாம், நூறு வயது மீனைத் தின்னக் கூடாதா? சாவு இரண்டுக்கும் ஒன்றுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாகிற ஜீவனுக்கு ஒன்றுதான். அங்கே வயதுக்குச் சலுகை இல்லை. வித்தியாசம் நம் பக்கத்தில் இருக்கிறது. கோழி போன இடத்தை அடுத்த ஆறு மாசத்தில் இன்னொரு கோழி நிரப்பிவிடும். நூறு வயது மீனை உண்டாக்க நூறு வருஷத்தைத் தவிர வேறு சரக்கு கிடையாது. எந்தச் சீமான் பணம் கட்டினாலும் ஒரு வருஷம்கூடக் குறையாது. நம் ஆயுளுக்குள் அடைக்க முடியாத கடனைப் பேரன் தலையில் வாங்கக் கூடாது என்பது மாசச் சம்பளக் குடும்பத்துக்குத் தெரியும். அரை மணி விருந்துக்காக வாங்குகிற இந்தக் கடனும் அந்த ஜாதிதான். மீனின் யோக்கியதையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.

அந்த 28 சுறாக்களில் மிகச் சிறியவற்றின் கண்களில் வேறொன்றும் இருந்தது. 1950-களிலும் 60-களிலும் மனிதன் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் கரி. நம் காரியத்தின் அடையாளத்தைக் கண்ணில் தாங்கி 1963-இல் பிறந்த ஒரு சுறா இன்னும் கடலுக்கடியில் நகர்ந்துகொண்டிருந்தால், அது தாயாகும்போது வருஷம் 2110-ஐத் தாண்டியிருக்கும்.