இரு ஏடுகள்

முகலாயப் பேரரசின் கடைசி மன்னர் பகதூர் ஷா ஜஃபர், 1862 நவம்பர் 7ஆம் நாள் இரங்கூனில் ஆங்கிலேயரின் கைதியாக மறைந்தார். அன்றே அவரை அடக்கி, அடையாளம் தெரியாதபடி நிலத்தைச் சமன் செய்துவிட்டனர். அந்தக் கபுறு 1991இல்தான், வடிகால் தோண்டியவர்களால் கண்டுபிடிக்கப்பட்டது. கபுறு மறைந்திருந்த காலத்திலும் அவர் பெயர் வரலாற்றில் இருந்தது. பெயரும் கபுறும் சேர்ந்தே மறைந்துபோன எளியவர்களின் நிலை என்ன?

அதே இரங்கூனுக்குச் சபர் சென்ற நம்மவர்களை எண்ணிப் பாருங்கள். துணி அளந்தவர், கணக்கு எழுதியவர், கடையில் சமைத்தவர் எனப் பலர். 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் அந்நகர்மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். போருக்குப்பின் மீண்டும் சென்று கடை வைத்தவர்களை 1964 தாக்கியது. கடைகள் அரசுடைமையாயின, அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவை ஆயின.

இத்தகைய காலத்தில் வாழ்ந்த எளிய மனிதன், வெள்ளத்தில் மிதந்த துரும்புதானா?

அப்படிச் சொல்வது இரக்கம்போல் தோன்றும். உண்மையில் அது அவனைச் சிறுமைப்படுத்துவதாகும். போரும் ஆணையும் அவன் கையில் இல்லை. ஆனால் மலைப்பாதையில் தளர்ந்து விழுந்தவனுக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுப்பதா, கடந்து போவதா? ஊரில் சேர்க்குமாறு பிறர் ஒப்படைத்த அமானிதத்தைச் சேர்ப்பதா, 'போரில் எல்லாம் போயிற்று' என்று கைவிரிப்பதா? இவற்றை எந்தப் படைத்தளபதியும் அவனுக்காக முடிவு செய்யவில்லை. காலம் அவனுடைய உடைமையைப் பறித்தது. இந்த முடிவுகளை அவனிடமே விட்டுவைத்தது.

கடந்து போனவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. உயிர் போகும் நிர்ப்பந்தத்தை இறைவன் நன்கறிவான். ஆயினும் நிர்ப்பந்தம் வேறு, சாக்கு வேறு. நிம்மதியாக உண்டு உறங்கிக்கொண்டே 'காலம் கெட்டுவிட்டது, நான் ஒருவன் என்ன செய்ய முடியும்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் சாக்குதான்.

வரலாற்று ஏட்டில் எல்லாருக்கும் இடமில்லை. கிராமன் காத்திபீன் எழுதும் ஏட்டிலோ மன்னருக்கும் கடைச் சிப்பந்திக்கும் ஒரே அளவுகோல். கொடுத்த ஒரு மிடறு தண்ணீரும் அதில் விடுபடாது.

ஆகவே, பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நம் முன்னோரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது, அவர்கள் இழந்த கடைகளின் கணக்கோடு நிறுத்திவிட வேண்டாம். அந்த இழப்பின் நடுவிலும் அவர்கள் கைவிடாதது எது என்பதையும் சொல்வோம். பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய சொத்து அதுவே.