கடுக்கனும் கையெழுத்தும்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர் என் தாத்தா. கடுக்கன் எப்போதோ ஈப்போ அடகுக்கடைக்குப் போய்விட்டது. காதில் துளை மட்டும் கடைசிவரை தூரவில்லை. வேலூர்ப் புரட்சியைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் காதுதான் கண்முன் வரும்.

1805 நவம்பர் தொடங்கி சென்னைப் படைத்தளபதி ஜான் கிரடாக்கின் ஆணைகள் வந்தன. நெற்றியில் சமயக்குறி கூடாது, அணிவகுப்பில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும். தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகையும் வந்தது. எந்த விலங்கின் தோலோ என்று இந்துவும் அஞ்சினான், முஸ்லிமும் அஞ்சினான். 1806 மே மாதம் அதை அணிய மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. அன்றே புரட்சியை அடக்கினார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள்.

எங்கள் பேராக்கிலும் ஒரு படை இருந்தது. தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ். பெரும்பாலும் சீக்கியர்கள், பட்டாணியர்கள். 1914 இறுதியில் கடல்கடந்த போருக்குக் கூப்பிட்டபோது, நாங்கள் கையெழுத்திட்டது இந்த மண்ணில் சேவை செய்யத்தான் என்றார்கள். துப்பாக்கியை நீட்டவில்லை, ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். அவர்களைச் சிங்கப்பூரிலிருந்து தைப்பிங்குக்கே திருப்பி அனுப்பினார்கள்.

1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் 5ஆம் லைட் இன்ஃபன்ட்ரி எழுந்தது. துருக்கியரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்தது. உண்மையில் கப்பல் ஹாங்காங்குக்கு. அதைச் சிப்பாய்கள் நம்பும்படி எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதிகாரிகளுக்குள்ளேயே பிணக்கு. பிறகு 47 பேரைச் சிறைச்சுவரோரம், ஊரார் பார்க்கச் சுட்டார்கள்.

வேலூரிலும் சிங்கப்பூரிலும் பழிக்கு வெளியாட்கள் கிடைத்தார்கள். வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் கல்கத்தாவுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். சிங்கப்பூரில் காசிம் மன்சூர் என்ற வியாபாரி தூக்கிலிடப்பட்டார். கிரடாக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தூண்டிவிடுவோர் எக்காலத்திலும் உண்டு. ஆனால் ஒரு சிப்பாய் முதன்முதலாக வாய்திறந்து 'இது முடியாது' என்றானே, அன்று அவனுக்குக் கிடைத்த பதிலைத்தான் நான் தேடிப் படிக்கிறேன்.

தாத்தா விடியுமுன் பெரட்டில் நிற்பார். கிராணி பேர் கூப்பிடுவார். கூலிக் கணக்கு இடிக்கிறதே என்று ஒருமுறை கேட்டவருக்கு அன்று வேலை இல்லையாம். மறுநாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியைத் துரை தன் ஏட்டில் என்னவென்று எழுதிக்கொண்டாரோ.