சுங்கச்சாவடியும் நம் நாற்காலியும்

செய்யும் வேலையில் மனம் ஒட்டவில்லை, விட்டுவிடலாமா என்று நண்பர் ஒருவர் நம்மை வினவினார். பதினான்கு ஆண்டுகளாக அலுவலகக் கோப்புகளோடு உழல்பவர். நெஞ்சமோ ஆசிரியப் பணியில் இருக்கிறது. கிடைத்ததில் நிறைவு கொள்வதே இறைசித்தம் என்று உடனே சொல்லிவிட்டோம். சொன்ன பிறகே உறுத்தியது. நம்முடைய அச்சத்திற்கு இறைசித்தம் என்று பெயர் சூட்டிவிட்டோமோ?

நற்செய்தியில் வரி தண்டுவோர் இருவரைக் காண்கிறோம். சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்த மத்தேயு, அழைப்பைக் கேட்டதும் எழுந்து சென்றுவிடுகிறார். எரிக்கோவின் சக்கேயுவோ, உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளிக்கவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வருகிறார். அவர் தொழிலைத் துறந்ததாக லூக்கா எழுதவில்லை. திருமுழுக்கு யோவானும் தம்மை நாடி வந்த வரி தண்டுவோரை நேர்மையாய் வாங்கச் சொன்னாரேயன்றி, வேலையை விடச் சொல்லவில்லை. ஆகவே, விடுவதே துணிவு என்றோ, நிலைத்திருப்பதே புண்ணியம் என்றோ பொதுவிதி வகுப்பதற்கில்லை.

புனித லொயோலா இஞ்ஞாசியாரும் திசை மாறியவரே. 1521-இல் பம்ப்லோனா முற்றுகையில் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோதுதான் அந்தப் போர்வீரர் தம் வாழ்வை ஆராயத் தொடங்கினார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில் முன்னர் எடுத்த முடிவை மாற்றலாகாது என்கிறார். மேலதிகாரி கடிந்துகொண்ட மாலையில் எழுதப்படும் விலகல் கடிதத்திற்கு இது நல்ல கடிவாளம். ஆனால் இதனைக் காட்டி ஒருவரைக் காலமெல்லாம் கட்டிப்போடுவது முறையன்று (நாம் செய்யவிருந்தது ஏறக்குறைய அதுதான்). மனம் அமைதியுற்றபின் தேர்ந்து தெளியவும் அதே நூல் வழி சொல்கிறது. முன்பின் அறியாத ஒரு மனிதர் இதே சிக்கலோடு வந்தால் என்ன அறிவுரை கூறுவோம் என எண்ணிப் பார்த்து, அதனையே நாமும் பின்பற்றுவது ஒரு வழி. இறக்கும் தறுவாயில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம் என வினவுவது மற்றொன்று.

நண்பரை மீண்டும் சந்தித்தோம். மாலைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே திண்ணையில் அமர்ந்திருந்தார். முந்திய அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அந்த முன்பின் அறியாத மனிதரைப் பற்றிச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார்.

"அவருக்கு மனைவி மக்கள் இருந்தால், முதலில் வீட்டில் கேட்கச் சொல்வேன்" என்றார்.

"நீங்கள் கேட்டீர்களா?" என்றோம்.

"இன்னும் இல்லை" என்றார்.