காணாமை இன்மையாகாது

காட்சிக்கு எட்டாத பொருளை அதன் காரியங்கொண்டு துணிதல் கருதலளவையாம். புகை கண்டு தீயுண்மை துணிதல் பழைய எடுத்துக்காட்டு. ஈண்டுப் புதியதொன்று காட்டுவாம்.

கன்னிராசிப் பக்கத்தே, ஏறத்தாழ 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில், எம் 87 என்னும் விண்மீன்திரள் உளது. அதன் நடுவினின்று நேரிய கதிரொன்று எழுதலை 1918-இல் ஹீபர் கர்ட்டிஸ் என்பார் குறித்தனர். நடுவிடத்து வாயு கடுவிரைவிற் சுழலுதலை 1994-இல் ஹப்பிள் தொலைநோக்கி காட்டிற்று. இவற்றால், ஆண்டுக் கருந்துளையொன்று உண்டென அறிஞர் துணிந்தனர். அதன் நிறை சூரியனினும் சுமார் 650 கோடி மடங்கு. அதனை நோக்கி வீழும் வாயுவே சுழன்று கொதித்து ஒளிர்வது. ஒரு கூறு காந்தவிசையாற் கதிராய் வெளிப்பாயும். துளையோ ஒளியாது. 2019-இல் வெளிவந்த அதன் படத்திற் கண்டதும் ஒளிவளையமும் அதனிடை நிழலுமே.

‘காணப்படாமையின் முதல்வன் இலன்’ என்பார் இதனை நோக்குக. காணாமை இன்மையாகாது.

ஆயினும் நம்மனோர்க்கும் ஒன்று கூறுதும். கருந்துளையே ஆணவமலமென்றும், முன்னோர் இதனை அன்றே உரைத்தாரென்றும் மேடையிற் பேசுதல் அளவைக்கு அடாது. ஆணவம் உயிரைப் பற்றிய இருள். இதுவோ மாயையின் காரியமாகிய சடம். வாயுவின் சுழற்சி கருந்துளையையே காட்டும். முதல்வனைக் காட்டும் ஏது, உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலாம். ஒப்புமை விழைவால் ஏதுவைக் கெடுப்போமாயின், பிறர் மறுக்குமுன் நாமே நம் சித்தாந்தத்தை மறுத்தவராவோம்.