சமன் செய்யப்பட்ட குரல்

இருபது கவிஞர்கள் தம் கவிதைகளைத் தாமே வாசித்த பதிவுகள் ஓர் இணையதளத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மேடையில், மைக்கை விழுங்கிவிடுவது போல வாசித்தவர். இன்னொருவர் தன் அறையில், மின்விசிறிக்கு அடியில், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. அடுத்தடுத்துக் கேட்கிறவன் முன்னவருக்காகச் சப்தத்தைக் குறைத்துவிட்டுப் பின்னவரை இழந்துவிடுகிறான். எனவே தளத்தை நடத்துகிறவன் எல்லாக் குரல்களையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவர முனைகிறான். நியாயம்தான். யார் தரப்பு நியாயம் என்பதுதான் பிரச்னை.

உலாவி தருகிற எளிய வழியில் 'வால்யூம்' மதிப்பு 0க்கும் 1க்கும் இடையில்தான் இருக்கலாம். உரத்தவனை இறக்கலாம், மெல்லப் பேசுகிறவனை ஏற்ற முடியாது. (சமத்துவம் என்றாலே தலையை வெட்டுவது என்று அஞ்சுகிறவர்கள் இதை உதாரணம் காட்டலாம்.) ஏற்றவேண்டுமானால் 'வெப் ஆடியோ' என்ற வேறு ஏற்பாட்டுக்குள் ஒலியைச் செலுத்திப் பெருக்கவேண்டும். அப்போது குரலோடு மின்விசிறியும் ஏறிவிடுகிறது.

இங்குதான் உலாவிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஐபோன் வகைக் கருவிகளில் ஒலியளவு உபயோகிப்பவரின் கைப்பொத்தானுக்கே உரியது என்று ஆப்பிள் தன் ஆவணத்தில் வரையறுத்தது. பக்கம் 0.4 என்று எழுதினால் மறுப்பு எதுவும் வராது. திரும்பக் கேட்டால் 1 என்று பதில் வரும். குரோமோ, 2018லிருந்து, கேட்பவர் தொடும்வரை வெப் ஆடியோவை உறங்கவைக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் இவற்றைக் கோளாறுகள் என்கிறார்கள். எனக்கு இவை அபிப்பிராயங்களாகப் படுகின்றன — காது யாருடையது என்பது பற்றிய அபிப்பிராயங்கள். அதில் எனக்கு உடன்பாடே. ஆனால் மறுப்பை மறுப்பென்று சொல்லாமல் 1 என்று பதில் தருவது பொய். தவிர, வால்யூமை மறுக்கிற அதே கருவியில் வெப் ஆடியோவின் பெருக்கும் வழி திறந்தே கிடக்கிறது. திறந்திருக்கிறது என்பதனாலேயே அதன் வழியாக இன்னொருவர் காதுக்குள் நுழைந்துவிடலாமா?

உரப்பை அளக்கிற கோலும் அப்பாவியல்ல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006ல் வகுத்த அளவைமுறையின் மேல், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010ல் −23 என்ற இலக்கை நிறுத்தியது. இன்றுள்ள வடிவில் அந்த அளவைமுறை மௌனத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சராசரியைவிட 10 அலகு தாழ்ந்த பகுதிகளையும் விட்டுவிடுகிறது. வரிகளுக்கிடையே கவிஞன் விட்ட இடைவெளி, தொண்டைக்குள்ளேயே முடிந்துபோன கடைசிச் சொல் — இரண்டும் கணக்குக்கு வெளியே. விளம்பரத்துக்கும் செய்திக்கும் இது பொருந்தும். இன்னும் மோசமானது 'கம்ப்ரெஸர்': அது கவிதைக்கு உள்ளேயே புகுந்து, கூவலுக்கும் முணுமுணுப்புக்கும் உள்ள தூரத்தைச் சுருக்கிவிடுகிறது. குரல் சரியாகக் கேட்கும். வாசித்த ஆள் அதில் இருக்கமாட்டார்.

2001ல் முன்வைக்கப்பட்ட 'ரீப்ளேகெய்ன்' முறையில் ஒரு நாகரிகம் இருந்தது. பதிவைத் தொடாமல், எவ்வளவு ஏற்றவோ இறக்கவோ வேண்டும் என்ற எண்ணை மட்டும் கூடவே எழுதிவைத்தது. நானானால் அந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் 'குரல்களைச் சமன்செய்' என்று ஒரு பொத்தான் வைப்பேன். உலாவி கேட்கிற தொடுகை அதிலேயே கிடைத்துவிடுகிறது. தொடாதவர் ஒவ்வொரு கவிஞருக்கும் தன் கையாலேயே ஏற்றி இறக்கிக்கொள்ளட்டும்.