கிராதிக்குப் பின்னே ஒலித்த குரல்கள்

இறைவனுக்கென இயற்றப்பட்ட இசை ஒலிப்பதிவாகி நம் இல்லத்திற்குள் நுழையும்போது, அதை நாம் கேட்பது செபமா, வெறும் செவியின்பமா? பாடப்படும் பொருளைவிடப் பாடலே தம்மை மிகுதியாக ஈர்த்துவிடும் வேளைகளை எண்ணிப் புனித அகுஸ்தினாரே தம் தன்வரலாற்று நூலில் வருந்தியுள்ளார்.

வெனிஸ் நகரின் ‘பியெத்தா’ இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தைகளை ஏற்று வளர்த்த இல்லம் அது. 1703-இல் குருப்பட்டம் பெற்ற அந்தோனியோ விவால்டி, அதே ஆண்டில் அங்கே வயலின் ஆசிரியரானார். இசையில் தேர்ந்த பெண்கள் ஆலய மாடத்துக் கிராதிக்குப் பின்னே மறைந்திருந்து பாடினர்; கருவிகளையும் அவர்களே இசைத்தனர். பெற்றோர் இன்னாரென்று அறியாத அவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? ‘வயலின் அன்னா மரியா’ என்பதுபோல், கருவியோ குரல்வகையோதான் பெயரோடு சேர்ந்தது. அவர்கள் இசையைக் கேட்க அயல்நாட்டினரும் திரண்டனர். வந்தவர் எல்லாருமே செபிக்கவா வந்திருப்பர்? ஆகவே, வழிபாட்டைக் கச்சேரியாக்கும் சோதனை ஒலிப்பதிவோடு பிறந்ததன்று.

1715-ஐ ஒட்டி இவ்வில்லத்திற்காக விவால்டி இயற்றியதாகக் கருதப்படும் வானவர் கீதம், நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1920-களில் அவருடைய கையெழுத்துப்படிகள் கண்டெடுக்கப்பட்டபின், 1939-இல் இத்தாலியின் சியெனா நகரில் அது மீண்டும் ஒலித்தது. இன்று அதற்கு ஒலிப்பதிவுகள் பல உள்ளன. பியெத்தாவின் வழக்கத்தையொட்டி, தாழ்ந்த குரல்களுக்குரிய பகுதிகளையும் பெண்களே பாடிய பதிவுகளும் உண்டு.

எக்காளம் முழங்க இறைவனைப் போற்றி எழும் முதற்பகுதியைக் கேட்டு மகிழ்வது எளிது. அடுத்து, மண்ணுலக மாந்தர்க்கு அமைதி வேண்டும் பகுதி தொடங்குகிறது. அங்கே எக்காளம் ஓய்ந்துவிடுகிறது. நரம்புக் கருவிகள் மெல்லத் துடிக்க, குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏக்கத்தோடு எழுகின்றன. அமைதி இன்னும் வந்து சேராதவர்களின் மன்றாட்டாகவே அது நம் செவியில் விழுகிறது. கைவிடப்பட்டோர் நாவில் அது எவ்வாறு ஒலித்திருக்கும்!

அழகைச் சுவைப்பது குற்றமன்று. அதுவும் இறைவனின் கொடையே. அகுஸ்தினாரும் திருச்சபையில் பாடும் வழக்கத்தை இறுதியில் ஏற்கவே செய்தார். ஆனால், இறைபுகழையும் மனிதருக்கான அமைதியையும் அந்தக் கீதம் ஒன்றாகவே பிணைத்து வைத்திருக்கிறது. முன்னதில் திளைத்துப் பின்னதை மறப்போமாயின், பாதியையே கேட்டவர்களாவோம்.

ஒலிப்பதிவும் ஒரு கிராதியே. குரல் நம்மை வந்தடைகிறது, முகம் மறைந்தே நிற்கிறது. நம்மிடையே கைவிடப்பட்டு நிற்கும் ஒரு குழந்தையின் முகத்தைத் தேடிச் செல்ல அந்தக் குரல் நம்மைத் தூண்டுமாயின், நாம் கேட்டது செபமே.