சோர்வெல்லாம் முதுமையா?

வயது முதிர்ந்த ஒருவருக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டார் முதலில் கேட்பது, "இன்னும் எத்தனை காலம்?" என்பதாகும். "அந்தக் காலத்தை அவர் எப்படிக் கழிப்பார்?" என்று கேட்போர் சிலரே. வியாபாரிகளாகிய நாம் முதல் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதில்லை. அது புழங்குகிறதா, முடங்கிக் கிடக்கிறதா என்றும் பார்க்கிறோம். ஆயுள் விஷயத்தில் மட்டும் தொகையோடு நின்று விடுவது நியாயந்தானா?

நோயுற்ற பெரியவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பேரப்பிள்ளைகளுடன் பேசவும் சலிப்பாயிருக்கிறது. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். ஆனால் பல சமயங்களில் அது வயதன்று, இரத்தசோகை. பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் சோகை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. முதியவர்களுக்கென்று அதில் தள்ளுபடி கிடையாது.

காரணங்களோ பல. குடலிலுள்ள கட்டி சிறுகச் சிறுக இரத்தத்தைக் கசியவிடலாம். நோயை அழிக்கக் கொடுக்கும் மருந்தே, இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையைத் தளர்த்தலாம். சிறுநீரகம் மூப்பினால் தளர்ந்தால், இரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் குறையலாம். உடலில் இரும்புச்சத்து இருந்தும் நோய் அதைப் பூட்டி வைக்கலாம். கிடங்கு நிறையச் சரக்கிருந்தும் சாவியில்லாதவன் நிலை அது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. எல்லாம் முதுமை என்று முடிவு கட்டியவனோ எந்த வழியையும் தேடமாட்டான்.

"எழுபத்தைந்து வயதில் ஊசியும் சோதனையுமாக ஏன் வதைக்க வேண்டும்? அவர் சபூராக இருக்கிறார், விட்டுவிடுவோம்" என்பாருண்டு. அதில் இரக்கமில்லாமல் இல்லை. ஆனால் பெரியவரின் பொறுமை அவருடைய நற்குணம்; அதை நமக்குச் சாக்காக்கிக் கொள்வது நற்குணமாகாது. மகன் ஒரு நாள் கடையடைக்க நேருமே, செலவாகுமே என்றெண்ணி வாய் திறவாதவர் எத்தனை பேர்!

எண்ணை மட்டும் துரத்துவதும் தவறே. எரித்ரோபொய்ட்டின் வகை ஊசிகளால் ஹீமோகுளோபினை 12 கிராமும் அதற்கு மேலும் உயர்த்த முயன்றபோது, சில புற்றுநோயாளிகளின் ஆயுள் குறைந்தது, கட்டி வளர்ந்தது என்று 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா கடுமையாக எச்சரித்தது. இரத்தம் ஏற்றினால் விரைவில் தெம்பு வரும். ஆனால் அதன் பலன் சில வாரங்களே நிற்கலாம். தளர்ந்த இருதயத்துக்கு அது பாரமாகவும் கூடும். ஆகவே சோதனைத் தாளிலுள்ள எண் வேறு, கட்டிலிலுள்ள மனிதர் வேறு.

மனிதரை அளப்பதெப்படி? அவரையே கேட்பதுதான். மருத்துவ அறிஞர்களும் இதற்கென்று கேள்விப் படிவங்களே வகுத்திருக்கிறார்கள். சாப்பிடவும் இயலாத சோர்வா, அன்றாட வேலைக்குப் பிறர் துணை வேண்டியிருக்கிறதா, விரும்பியதைச் செய்ய முடியாமல் மனம் நோகிறதா என்றெல்லாம் அவை கேட்கின்றன. இவற்றைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. "அத்தா, போன மாதம் முடிந்தது எது இப்போது முடியவில்லை?" என்று பக்கத்தில் அமர்ந்து கேட்டு, பதிலைக் குறித்து டாக்டரிடம் கொடுப்போமாக. பரிகாரம் உண்டென்றால் தேடுவோம். "போதும், இனி ஊசி வேண்டாம்" என்று எல்லாம் விளங்கிய பின் அவர் சொன்னால், அச்சொல்லுக்கும் மதிப்பளிப்போம்.

மற்றொன்று. பெரியவருக்கு ஏற்றும் இரத்தம் எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தியாவதில்லை. கடைகளில் நிற்கும் திடகாத்திரமான வாலிபர்கள் இரத்த வங்கிக்குச் சென்று கொடுத்தால்தான் அது கிடைக்கும். முதலாளிமார்கள் அதற்காக அவர்களுக்கு அரை நாள் விடுமுறை தரத் தயங்கலாகாது.